பீபி வீட்டு இலை

போன வாரம் என்னைப் பெட்டிமேல் உட்காரச் சொன்னார்கள். இந்த வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். என் நாத்தனார் பேத்தி திவ்யா மலாக்கா புக்கிட் பாருவில் எங்களோடு தங்கி, பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவள். இப்போது மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள். படிப்புச் செலவு, தங்குகிற இடம், சாப்பாடு எல்லாமே உபகாரச் சம்பளத்தில் சேர்த்தியாம். புதிதாக வாங்கி வந்த சக்கரப் பெட்டியில் அரை வீட்டை அடைத்துவிட்டு மூட முடியாமல் நின்றாள்.

"பாட்டி, கொஞ்சம் ஏறி உக்காருங்க. ஜிப்ப இழுத்துடுறேன்."

உட்கார்ந்தேன். நான் என்ன கனம் கனக்கப் போகிறேன்? ஆனாலும் பெட்டி அமுங்கியது. அவள் மண்டியிட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தபோது, எந்த ஊரம்மா என்று கேட்டேன். வீடு முழுக்க ஒரு மாதமாக அதே பேச்சுதான். என் காது இப்போதெல்லாம் வேண்டியதை மட்டும்தான் உள்ளே விடும்.

"ஜப்பான், பாட்டி."

டுரியான் காலம் அது. வாசலில் என் மகன் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தான். அந்த வாடை உள்ளே வந்தது. பெட்டி, டுரியான் வாடை, ஜப்பான் என்று மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் என் மாதிரிக் கிழவி என்ன செய்வாள்? எழுந்திருக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். "பாட்டிக்குப் பெட்டி புடிச்சுப்போச்சு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் வீட்டில் இந்தப் படிப்பை முதலில் வென்றவள் திவ்யா இல்லை. அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். கொம்பு, கால் எங்காவது தவறியிருந்தால் நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தில் மட்டும் எனக்குக் கொம்பும் காலும் தவறாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் இருந்தோம். மலாக்காச் செட்டிகள் குடியிருந்த கம்பத்தை, அதாவது அவர்கள் கிராமத்தை, ஒட்டிய பலகை வீடு. அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். ஆற்றோரம் இறங்கும் மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் இரண்டு மாட்டில் ஒன்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஜோடி மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுத்தால் அது ஒருபக்கமாகவே போகும். அப்பா மறுபக்கம் நடந்து நுகத்தைத் தோளில் தாங்குவார். நானும் அவரும் சந்தைக்குப் போனால், "என்னா மாமா, புது மாடு நல்லா இழுக்குதா?" என்று கேலி பேசுவார்கள். "இதுக்குத் தீனி கம்மி" என்று அப்பாவும் சிரிப்பார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மீனாச்சி பீபி வீடு. பீபி என்றால் பெரியம்மா மாதிரி. அவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்னே கப்பலில் வந்து தங்கிவிட்ட வம்சம். நம் சாமியைக் கும்பிடுவார், நெற்றியில் திருநீறு இருக்கும், உடுப்பது சாரோங்கும் கெபாயாவும், பேசுவது மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும், சோற்றில் கல் மாதிரி. அம்மா தமிழில் பேசுவாள், பீபி மலாயில் பதில் சொல்வார். இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் பேசுவார்கள். ஒரு நாளும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் போனதில்லை. சண்டை போடுவதற்குக்கூட அவர்களுக்குப் பொதுவாக ஒரு மொழி தேவைப்படவில்லை.

அரிசி இல்லாத காலம். மரவள்ளிக்கிழங்குதான். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் இடித்த கிழங்கு, சாயங்காலம் அதே கிழங்கு வேறு பெயரில். கிழங்குத் தோல் வேகும் வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும், பிடித்தல்ல, பயந்து. ஆனால் பீபி வீட்டில் ஒரு ஜாடியில் அரிசி இருந்தது. தெருவுக்கே தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது உயிரோடிருப்பவர்களுக்கான அரிசி இல்லை.

செட்டிகளுக்கு வருஷத்தில் இரண்டு முறை பார்ச்சு உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. குடும்பத்தில் செத்துப்போனவர்கள் எல்லாருக்கும் கூடத்தில் வரிசையாக இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறி, சாம்பிராணி போட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள். வெளியே இவர்கள் சத்தம் போடாமல் நிற்பார்கள். பிறகு வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார். அதற்கப்புறம்தான் உயிரோடிருக்கிறவர்கள் கை வைக்கலாம். பீபி தினமும் கிழங்கு தின்று, கிடைத்த பிடி அரிசியையெல்லாம் அந்த ஜாடியில் போட்டு மூடுவார். அவருடைய புருஷன் அரிசிச் சோறு தவிர வேறு தொடாத மனிதராம். "செத்த பிறகு கிழங்கு தின்னச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்" என்பார்.

இனி என் அண்ணன். பெயர் தங்கவேலு. நாங்கள் வேலு அண்ணன் என்போம். வண்டிக்காரன் மகன், கோலாலம்பூர் போய்த் தொழில் பள்ளிக்கூடத்தில் படித்து முதலாவதாகத் தேறியவன். வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவனை லண்டனுக்கு மேல்படிப்புக்கு அனுப்புவதாகச் சொல்லி, எல்லாம் முடிவான மாதிரி இருந்தது. அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். குளிருக்குக் கம்பளிச் சட்டைகூடத் தைத்தாயிற்று. அதற்குள் சண்டை வந்து, அனுப்புவதாகச் சொன்ன துரையே ஓடிப்போனார். கம்பளிச் சட்டை கிழங்குக்குப் போயிற்று.

அண்ணன் நகரத்துத் தண்ணீர் பம்பு கொட்டகையில் வேலைக்குப் போனான். வெள்ளைக்காரன் போகும்போது உடைத்துவிட்டுப் போன பம்பை அண்ணனும் இன்னும் சில பேரும் சேர்ந்து ஓட வைத்தார்கள். அங்கே மேலாளாக வந்த ஜப்பான் எஞ்சினியர் மூக்குக்கண்ணாடி போட்ட சின்ன மனிதர். அண்ணனைத் "தங்காவேரு" என்று கூப்பிடுவார். சிப்பாய்கள் மாதிரி அறையமாட்டார். அண்ணனுக்கு அவர் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார், அண்ணனும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எந்தப் பாடமும் பசி மாதிரி. கண்ணில் பட்டால் விடமாட்டான்.

ஒருநாள் எல்லாரையும் திடலுக்கு வரச் சொன்னார்கள். ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்தோம். மேடையில் ஓர் அதிகாரி கத்திக் கத்திப் பேசினார். கடைசியில் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். மலாயாவிலிருந்து ஜப்பானுக்கு எஞ்சினியர் மேல்படிப்புக்குப் பொறுக்கி எடுத்தவர்களில் அண்ணனும் ஒருவன். சிப்பாய்கள் கை தட்டினார்கள், அதனால் நாங்களும் தட்டினோம். தட்டாமல் இருக்க முடியுமா? எனக்குப் பத்து வயது இருக்கும். அந்தக் கூட்டத்தில் நிஜமாகக் கை தட்டியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். என் அண்ணன், மேடையில்! பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

காப்பிக்கடையில் அண்ணனை விடவில்லை.

"என்னா வேலு, அப்ப லண்டன் தொர, இப்ப டோக்கியோ தொரயா?"

"டிக்கெட்ட யார் எடுத்துக் குடுத்தாலும் போறவந்தாண்ணே நானு."

"போறது கெடக்கட்டும். கப்பலு போய்ச் சேருமா, அதச் சொல்லு."

அங்கே ஒருவரும் சிரிக்கவில்லையாம். வெள்ளைக்காரர்கள் கடலுக்கு அடியில் ஒளிந்திருந்து ஜப்பான் கப்பலை அடிக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சத்தமாகச் சொன்னால் நாக்கு இருக்காது என்பதும் தெரிந்திருந்தது.

போகமாட்டேன் என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் சின்னப் பெண்ணாக அதைத்தான் கேட்டேன். அந்த மாதங்களில் சியாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லோரி வரும், ஆண்களை ஏற்றும், போகும். திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அப்பாவிடம் ஏற்கெனவே தயாராக இருக்கச் சொல்லியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் அண்ணனிடம் சொன்னது இதுதான். படிக்கப் போகிறவன் வீட்டில் யாரையும் சியாமுக்கு எடுக்கமாட்டார்கள், கப்பல் ஏறிய பிறகு வீட்டுக்கு அரிசியும் வரும். போகாவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாராம்.

அண்ணன் போனால் கடல். போகாவிட்டால் அப்பாவுக்குச் சியாம். எங்கள் வீட்டுக்கு முன்வாசல், பின்வாசல் இரண்டு இருந்தன. அந்த நாட்களில் எது வழியாக வெளியே போனாலும் ஒரு சுவர் நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

அப்பா மட்டும் வீறாப்பு பேசினார். "நான் போறண்டா சியாமுக்கு. முப்பது வருஷமா வண்டி ஓட்டுனவன், ரயிலு போட மாட்டனா?"

"ரயிலு போட எஞ்சினியருதாம்பா வேணும்."

"அப்ப ரெண்டு பேருமா போவம், வா."

சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். அப்பா அன்று தன் பங்குக் கிழங்கை மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

அம்மா துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கற்பூரம் இல்லை, வெறும் கைதான். சன்னிதியில் வெகு நேரம் நின்றாள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்து, தொழுதவர்களும் கலைந்து போய்விட்டார்கள். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது, "சாமிகிட்ட என்னாம்மா கேட்டே?" என்றேன்.

"என்னாத்தக் கேக்கறது? சும்மா நின்னுட்டு வந்தேன்."

மகனைக் காப்பாற்று என்றால் புருஷனைக் கொடுக்கிற மாதிரி, புருஷனைக் காப்பாற்று என்றால் மகனைக் கொடுக்கிற மாதிரி. பெரியவளாகி, எனக்கே ஒரு புருஷனும் ஒரு மகனும் ஆன பிறகுதான் அம்மா அன்று நின்ற நிற்பு எனக்குப் புரிந்தது.

யோசனை சொன்னவர் பீபிதான். போகிறவர்களை டாக்டர் பார்ப்பாராம். அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தால் உடம்பு சுடும், காய்ச்சல்காரன் என்று தள்ளிவிடுவார்கள். நோயால் தள்ளினால் குற்றமில்லை, அப்பாவையும் விட்டுவைக்கலாம். எங்கே தேடினாரோ, பீபி ஒரு முழு வெங்காயம் கொண்டுவந்தார். அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். வெங்காயத்தைப் பார்த்து எத்தனை நாளோ!

"இத அக்குள்ள வெச்சு வீணாக்கணுமா?" என்றாள், அந்த நேரத்திலும்.

அண்ணன் மறுக்கவில்லை. அம்மா கொடுத்ததை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையை ஒட்டிவைத்து, பொம்மை மாதிரி நடந்து போனான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மத்தியானம் திரும்பி வந்தான். அம்மா வாசலுக்கு ஓடினாள்.

"டாக்டரு பாத்தாரா?"

"பாத்தாரு. நல்லாத்தான் இருக்கேன்னுட்டாரு."

சட்டைப்பையிலிருந்து வெங்காயத்தை எடுத்து அம்மா கையில் வைத்தான். காய்ந்திருந்தது. ஒரு சொட்டு வேர்வைகூட இல்லை. வீட்டு முனை திரும்பியதுமே எடுத்துப் பையில் போட்டிருக்கிறான்.

"கொழம்புல போடும்மா," என்றான். "எந்த நாட்டுல படிச்சா என்னா, பம்பு தண்ணியத்தான இழுக்கும்."

அவனுக்குப் போக ஆசை இருந்ததா, அப்பாவுக்காகப் போனானா என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று தோன்றுகிறது. பிடித்த பாடத்தைப் பொறியில் கட்டித் தொங்கவிட்டால் எலி என்ன செய்யும்? அம்மா வெங்காயத்தை உரித்தாள். அன்றைக்கு அவள் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

புறப்படும் நாள் பழப் பார்ச்சு நாளாக அமைந்தது. தெருவெல்லாம் டுரியான் வாடை, மங்குஸ்தீன் தோல். பழத்துக்கு மட்டும் சண்டை தெரியவில்லை, வழக்கம்போல் காய்த்துத் தள்ளியது. மகன் ஒரு வாய் அரிசிச் சோறு தின்றுவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு அப்போது மிச்சமிருந்த ஒரே ஆசை. அவள் கேட்கவில்லை. பீபியாகவே வேலியோரம் வந்து சொன்னார். சாயங்காலம்தான் லோரி வரும் என்றார்களே, அதற்குள் எங்கள் ஆட்கள் சாப்பிட்டுவிடுவார்கள், கதவைத் திறந்ததும் முதல் இலை வேலுவுக்குத்தான்.

காலையில் அண்ணன் தகரப் பெட்டியைக் கட்டினான். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, அளவுகோல், பழைய கணக்குப் புத்தகம். "பாப்பா, ஏறி உக்காரு, பெட்டி மூடமாட்டேங்குது" என்றான். நான் பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். உள்ளே அமுங்க ஒன்றுமே இல்லை. தகரம் "டொப்" என்றது. எனக்கும் ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

லோரி மத்தியானமே வந்துவிட்டது.

வாசலில் நின்று ஹாரன் அடித்தான். சிப்பாய் ஒருவன் இறங்கி, பெட்டியை எடு என்று கையைக் காட்டினான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் சிப்பாயிடம் அவன் பாஷையில் ஏதோ சொல்லி, பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்கிற மாதிரி காட்டி, குனிந்து வணங்கிவிட்டு வேலியைத் தாண்டினான். நானும் பின்னால் ஓடினேன்.

பீபி வீட்டில் அப்போதுதான் கதவைச் சாத்தியிருந்தார்கள். குடும்பமே முற்றத்தில் வாய் திறக்காமல் நின்றது. இடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை வந்தது. உள்ளே செத்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பீபி காலைத் தொட்டான். லோரி மறுபடி ஹாரன் அடித்தது. பீபி அவனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"பந்தாங்! பந்தாங்!" என்று பீபியின் கொழுந்தனார் பதறிப்போய்க் கத்தினார். அது ஆகாது, விலக்கு என்று அர்த்தம். பீபி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மக்கான் டுலு, வேலு. ஓராங் மாத்தி போலே துங்கு. லோரி தாக் போலே துங்கு."

முதலில் சாப்பிடு வேலு. செத்தவர்கள் காத்திருப்பார்கள், லோரி காத்திருக்காது. எனக்குத் தெரிந்த மலாயில் நான் மறக்காத வார்த்தைகள் இவைதான்.

என் கையில் ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொடுத்து என்னையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே அரை இருட்டு. விளக்கு ஒன்று. வரிசையாக இலைகள், ஒவ்வொன்றிலும் தேங்காய்ப்பால் சோறு, மீன், சம்பல், பக்கத்தில் உரித்த பழம். ஆள் இல்லாத பந்தி. பீபியின் புருஷன் இலை முன்னால் அண்ணன் உட்கார்ந்தான். சோற்றைத் தொட்டதும் அவன் விரல்கள் நின்றுவிட்டன. வெள்ளைச் சோறு. ஆவி இன்னும் போகவில்லை. பிறகு வேகமாகத் தின்ன ஆரம்பித்தான். சத்தமில்லாமல் தின்றான், பக்கத்து இலைகளில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற மாதிரி.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எச்சிலை விழுங்கினேன் போலிருக்கிறது.

"பாப்பா, இங்க வா."

ஓர் உருண்டை பிடித்து என் வாயில் வைத்தான்.

"மென்னு தின்னு. முழுங்கிறாத. மெதுவா மென்னா ரொம்ப நேரம் இருக்கும்."

அவன் சொன்ன கடைசிப் பேச்சு அது, என்னிடம். ஹாரன் விடாமல் அடித்தது. இலையை வழித்துத் தின்றுவிட்டு, தண்ணீரைக் குடித்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்து, கதவைத் தட்டினான். வழக்கமாக வெளியிலிருந்து தட்டுவார்கள். அன்று அண்ணன் உள்ளிருந்து தட்டினான்.

நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டுதான் அவனை வழியனுப்பினேன். கையை ஆட்டினேன். வாயைத் திறந்து கூப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று பயம்.

அப்பாவைச் சியாமுக்கு எடுக்கவில்லை. சொன்னபடி அரிசியும் வந்தது. மூக்குக்கண்ணாடிக்காரரே கொண்டுவந்தார். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி, அம்மா முன்னால் குனிந்தார். எல்லாரும் குனிகிற மாதிரி இல்லை. வெகு நேரம் நிமிரவே இல்லை. ஏதோ சொன்னார். அவர் பாஷை தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் அண்ணன்தான். அவர் போய்விட்டார், அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. அது மரியாதைக்குக் குனிந்ததா, வேறு சேதி சொல்லிக் குனிந்ததா என்று அம்மாவும் அப்பாவும் அந்த மூட்டையைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். அரிசியைச் சமைத்தோம். பொய் சொல்லமாட்டேன், பசி. அப்பா மட்டும் கிழங்கே போதும் என்றுவிட்டார். சண்டை முடிந்து கடையில் அரிசி வந்த பிறகும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போவது கொஞ்சம்தான். "எம்மவன் எஞ்சினியரு" என்ற பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

அண்ணன் வரவில்லை. கப்பல் சிங்கப்பூர் தாண்டியது என்றார்கள், தாண்டவில்லை என்றார்கள். போய்ச் சேர்ந்து படிக்கிறான், அங்கேயே பெண் கட்டிக்கொண்டான் என்றும் ஒருவர் சொன்னார். அவருக்கு அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்த வெள்ளைக்காரர்களிடம் அப்பா விசாரிக்கப் போனார். ஜப்பானுக்குப் படிக்கப் போனவன் அப்பாவா நீ என்று ஏற இறங்கப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவனுக்காகக் காத்திருக்கவும் முடியவில்லை, அழுது தீர்க்கவும் முடியவில்லை. எத்தனையோ வருஷம் அப்படியே இருந்தோம், கதவு சாத்திய அந்த அறைக்குள் எங்களையும் வைத்த மாதிரி.

பீபி உருகிப்போனார். செத்தவர்கள் பந்தியில் உயிரோடிருப்பவனை உட்காரவைத்தேன், அதனால்தான் அவர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார். நான் சொல்லிப் பார்த்தேன். "பீபி, நானும்தான் தின்னேன். இந்தா, கல்லு மாதிரி நிக்கிறேனே!" அவர் என் கன்னத்தைத் தடவி, "நீ புடாக்" என்பார். குழந்தையாம் நான். குழந்தை தின்றது கணக்கில் சேராதாம். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் பீபிக்கு நான் கணக்கில் சேரவில்லை.

ஒரு வருஷப் பார்ச்சில் பீபி தன் வீட்டு வரிசையில் ஓர் இலை அதிகம் போட்டார். அது யாருக்கு என்று அம்மா வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கண்டுகொண்டாள். உள்ளே போய் அந்த இலையைச் சோற்றோடு மடித்து எடுத்து வந்து மாட்டுக்குப் போட்டாள். "எம்மவன நீ யாரு சாவடிக்க?" அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து வேலியில் பேச்சு நின்றது. அப்பா போய்ச் சேர்ந்தார். அவருக்கு எங்கள் முறைப்படி படையல் போட்டோம். அண்ணனுக்கு மட்டும் போடவில்லை.

பேச்சு நின்று பல வருஷம் கழித்து, நாடு சுதந்திரம் வாங்கி, அம்மாவுக்குக் கண் மங்கிய காலத்தில், ஒரு டுரியான் காலத்து மத்தியானம் பீபி கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். பீபி கையில் ஒரு வாழையிலை. பாவம், அதைத் துடைத்துத் துடைத்துக் கிழித்திருந்தார்.

"இந்த வருஷம் அவனுக்குப் போட்டுடலாமா? நானும் போயிருவேன். போனா அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்று மலாயில் கேட்டார்.

அம்மா குரல் வந்த பக்கம் திரும்பினாள். கையை நீட்டி இலையைத் தடவினாள்.

"அவனுக்கு எதுக்குடி எல? அவன் பங்க அன்னிக்கே தின்னுட்டுத்தான போனான். எங்கிட்ட இருந்தது கெழங்கு. நீ சோறு போட்ட."

பீபி அழுதார். அம்மா அந்த இலையைப் பாதியாகக் கிழித்து, வீட்டிலிருந்த சோற்றை இரண்டு பேருக்கும் போடச் சொன்னாள். கிழவிகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். வேலியில் பேசவேண்டியதையெல்லாம் அடுத்த நாளிலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

இப்போது வேலி இல்லை. எங்கள் பலகை வீடு இருந்த இடத்தில் கடை வரிசை. பீபி வீட்டையும் விற்றுவிட்டார்கள். அந்தக் கூடம் இருந்த இடத்தில் சிமெந்து போட்டு கார் நிறுத்துகிறார்கள். கம்பத்தில் பார்ச்சு இன்னும் உண்டு, வேற்றூர்க்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். பம்பு கொட்டகை இல்லை. மாட்டுவண்டியில் ரெக்கார்டரில் பாட்டு வைத்துச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள், அதுவும் இப்போது கண்ணில் படவில்லை. ஜாடியில் அரிசி சேர்க்கிற கை ஒன்றையும் நான் காணவில்லை. "மக்கான் டுலு" என்று வேலிக்கு மேலே வரும் குரலுக்கும் வேலியில்லாமல் போய்விட்டது.

திவ்யா நேற்று விடியக்காலை புறப்பட்டாள். விமானத்தில் சாப்பிட்டுக்கொள்கிறேன், கார் வந்துவிட்டது என்றாள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். நான் நின்றால் நின்றதுதான், என் மருமகளைக் கேளுங்கள்.

"காரு காத்திருக்கும். நீ மொதல்ல சாப்புடு."

"பாட்டி, காலங்காத்தால சோறா?"

"சோறுதான்."

பாவம், எனக்காக உட்கார்ந்தாள். பாதி தின்றாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு ஓடினாள். பெட்டிச் சக்கரம் கடகடவென்று போனது. மருமகள் தட்டை எடுக்க வந்தாள். நான் விடவில்லை. மிச்சச் சோற்றை என் பக்கம் இழுத்து, ஓர் உருண்டை பிடித்து வாயில் வைத்துக்கொண்டேன்.

இருக்கிற நாலு பல்லால் மென்றேன். மெதுவாகத்தான். அவள் விமானம் அந்தக் கடலைத் தாண்டும் வரைக்கும் வாயில் இருக்கட்டும் என்று.